உயரமான தொட்டிக்கு எத்தனை மீன்?

வீட்டில் கப்பி மீன் வளர்த்து விற்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஒரு சீமெந்துத் தொட்டியும் கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதைத் தொடங்கிவிடலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 2009 இல் கணவரை இழந்து, முகாமில் இருந்துவிட்டு, 2010 இல் இரண்டு பிள்ளைகளோடு வலிகாமத்தில் உள்ள தாய் வீட்டு வளவுக்கு வந்தபோது கையில் எந்தத் தொழிலும் இருக்கவில்லை. மாதர் சங்கத்தில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய் வந்து, மாமரத்தின் கீழ் இரண்டு தொட்டி கட்டினேன்.

ஆனால் மீனை விற்பது ஒரு தொழில். கண்ணாடித் தொட்டியை ஓரிடத்தில் அமைத்துக் கொடுத்து, மாதாமாதம் பார்த்துக்கொள்வது இன்னொரு தொழில். இரண்டாவதில்தான் நிலையான காசு வரும். அதில் நான் பட்ட நட்டத்தையும் பிறகு செய்த திட்டத்தையும் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாண நகரில் ஒரு பல் வைத்தியர், நோயாளர் காத்திருக்கும் அறையின் மூலையில் மீன் தொட்டி வைக்க விரும்பினார். இடம் சிறிது. ஆகவே நீளம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் இரண்டரை அடி என்று ஒரு தொட்டியைச் செய்வித்தார். தூண் போல அழகாகத்தான் இருந்தது. ஏறக்குறைய 200 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். நான் மூன்று லீற்றருக்கு ஒரு சின்ன மீன் என்று கணக்குப் போட்டேன். 20 கப்பி, 20 நியோன் ரெட்ரா, 15 மொல்லி, 8 ஏஞ்சல், அழுக்குத் தின்னட்டும் என்று 2 சக்கர். மொத்தம் 65. என்னிடம் இல்லாத மீன்களைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க ஒரு சோடி வளையலை அடகு வைத்தேன்.

முதல் கிழமையே கப்பிகள் குறையத் தொடங்கின. இறந்த மீன் ஒன்றையும் காணவில்லை. வாய்க்குள் போகிற அளவில் எது வந்தாலும் வளர்ந்த ஏஞ்சல் விழுங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ரெட்ராக்கள் நிறம் மங்கி ஒதுங்கி நின்றன. அவை மென்மையான தண்ணீரில் வாழ்கிற மீன்கள். நமது குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தல் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே அது விளங்கும்.

பெரிய அடி 2022 மார்ச் கடைசியில் விழுந்தது. அந்த நாட்களில் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணித்தியாலத்தையும் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு நாள் அங்கே கதவு பூட்டிய பிறகு கரண்ட் போயிருக்கிறது. காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், நாற்பதுக்கு மேற்பட்ட மீன்கள் மிதந்தன. மிஞ்சியவை மேற்பரப்பில் வாயை வைத்துத் துடித்துக்கொண்டிருந்தன. காற்று மோட்டரை நான் தொட்டிக்குக் கீழே வைத்திருந்தபடியால், அது நின்றதும் குழாய் வழியே தண்ணீர் இறங்கி அறையெல்லாம் வெள்ளம். வைத்தியர் ஏசவில்லை. "தொட்டியை எடுத்துக்கொண்டு போங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னார். அதைவிட ஏசியிருக்கலாம்.

பிழை எங்கே என்று எனக்கு விளக்கியவர் எங்கள் பயிற்சியாளர். ஒரு கடதாசியில் இரண்டு தொட்டி கீறிக் காட்டினார். ஒன்று எனது தொட்டி. மற்றது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். இரண்டும் ஒரே அளவு தண்ணீர்தான் பிடிக்கும். ஆனால் மீனுக்கு வேண்டிய ஒட்சிசன் தண்ணீரின் மேற்பரப்பால்தான் உள்ளே வருகிறது. நீளத் தொட்டியின் மேற்பரப்பு 6 சதுர அடி, எனது தொட்டியினது 3 சதுர அடி. கூரையை எவ்வளவு உயர்த்தினாலும் அறைக்கு ஒரே யன்னல் என்றால் எத்தனை பேர் உள்ளே படுக்கலாம்? அதோடு நமது வெயிலில் தண்ணீர் 28, 30 பாகை வரை சூடாகும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். மோட்டர் ஓடும் வரை அடித் தண்ணீர் மேலே வந்து போகிறது. மோட்டர் நின்றால் அடி தேங்கிவிடும். அங்கே கிடக்கிற கழிவு அழுகி, இருக்கிற ஒட்சிசனையும் குடித்துவிடும்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். மேற்பரப்பின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் பெருக்கி 12 ஆல் வகுக்க வேண்டும். 24 தர 18 என்றால் 432. அதை 12 ஆல் வகுத்தால் 36. அதாவது, வால் தவிர்த்து, வளர்ந்த மீன்களின் நீளமெல்லாம் சேர்ந்து 36 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. நல்ல வடிகட்டி இருந்தால் சற்றுக் கூட்டலாம் என்பார்கள். மின்வெட்டைக் கண்ட நாம் கூட்டாமல் விடுவதே நல்லது.

ஒரு வருடம் அந்தத் தொட்டி வெறுமையாக நின்றது. 2023 இல் நான் திரும்பப் போய், "டொக்டர், மீனுக்கு இப்ப காசு தரவேண்டாம். மூன்று மாதம் உயிரோடு இருந்தால் தாங்கோ" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார். வளையல் இன்னும் அடகில்தான் இருந்தது. மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிற வருடம் அது.

முதலில் தொட்டியின் இருப்பைப் பார்த்தேன். தண்ணீர் 200 கிலோ, கண்ணாடியும் கல்லும் சேர்த்து 250 கிலோவுக்கு மேல். அவ்வளவும் 3 சதுர அடியில் நிற்கிறது. இரும்பு நிலையத்தை இரசமட்டம் வைத்துச் சரி பார்த்து, தொட்டியின் அடியில் ரெஜிபோம் தகடு போட்டு, பிள்ளைகள் பிடித்து ஏறினாலும் சாயாதபடி நிலையத்தைச் சுவரோடு பூட்டுவித்தேன். கண்ணாடி 12 மில்லிமீற்றர். "அழுத்தம் நீளத்தால வாறதில்லை தங்கச்சி, உயரத்தாலதான் வரும்" என்று கண்ணாடிக் கடை அண்ணை சொன்னார். சின்னத் தொட்டிக்கு வெட்டுகிற மெல்லிய கண்ணாடியில் உயரத் தொட்டி ஒட்டுவிக்க வேண்டாம்.

அடுத்தது மோட்டர். சின்னக் காற்று மோட்டர் வாளித் தண்ணீரில் நன்றாகக் குமிழி விடும். இரண்டரை அடி ஆழத்தில் மூச்சு வாங்கும். ஆகவே இரண்டு குழாய் உள்ள பலமான மோட்டர் வாங்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தட்டு அடித்து வைத்தேன். குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் சிறிய வால்வும் போட்டேன். அந்த வால்வின் விலை ஒரு பிளேன்ரீயோடு வடை சாப்பிடுகிற காசுதான். கரண்ட் போனதும் தானாக ஓடுகிற பற்றரி மோட்டர் ஒன்றும் வைத்தேன். இதற்குத்தான் அதிகம் செலவானது. அடியிலிருந்து தண்ணீரை இழுத்து மேற்பரப்பைக் கலக்குவதற்கு ஒரு சிறிய நீர் மோட்டர். கண்ணாடி மூடிக்குப் பதிலாக வலைச் சட்டம். வயர்கள் எல்லாவற்றையும் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்க விட்டேன். வயரில் வழிகிற தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. நமது வெப்பத்துக்கு ஹீற்றர் தேவையில்லை.

உயரத் தொட்டியில் இன்னொரு தொல்லை, கை அடிக்கு எட்டாது. முதல் தடவை முக்காலியில் ஏறி நின்று தோள் வரை சட்டை நனைந்ததுதான் மிச்சம். இப்போது நீண்ட இடுக்கியும், பீ.வி.சி. குழாயில் கட்டிய சுரண்டியும், அழுக்கு உறிஞ்ச நீண்ட ஹோஸும் வைத்திருக்கிறேன். வெளிச்சமும் அடிக்கு முழுதாகப் போகாது. அதனால் குறைந்த வெளிச்சத்தில் வளர்கிற கிரிப்டோகோரைன் நட்டேன். அதில் இலங்கைக்கே உரிய இனங்கள் உண்டு. நட்ட சில நாளில் இலை கரைந்து விழும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். கிழங்கிலிருந்து திரும்ப முளைக்கும்.

மீன் விடுவதற்கு ஐந்து கிழமைக்கு முன்னரே இரண்டு பஞ்சு வடிகட்டிகளை எனது சீமெந்துத் தொட்டியில் ஓட விட்டேன். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றுகிற நல்ல பக்ரீரியா அந்தப் பஞ்சில் குடியேற அவ்வளவு காலம் வேண்டும். நமது தண்ணீர் காரத்தன்மை உள்ளது. அத்தகைய தண்ணீரில் அமோனியாவின் நஞ்சு கூடும். ஆகவே புதுத் தொட்டியில் அவசரப்பட்டு மீன் விடுவது இங்கே இன்னும் ஆபத்து. வீட்டில் மீன் வளர்க்கிற நமக்கு இது ஒரு வாய்ப்பு: கடையில் வாங்க முடியாத பழகிய பஞ்சு நம்மிடம் சும்மா கிடைக்கிறது.

இனி மீன். மேல் தட்டுக்கு 5 மொல்லி, ஒன்று 3 அங்குலப்படி 15. கடினத் தண்ணீர் அவற்றுக்கு மிகப் பிடிக்கும். ஐந்தும் ஆண். பெண் மொல்லி தனியே வந்தாலும் வயிற்றில் மாதக் கணக்காகச் சேமித்த விந்துடன் வந்து குஞ்சு போடும், கணக்குக் குழம்பிவிடும். நடுத் தட்டுக்கு 4 ஏஞ்சல், ஒன்று 4 அங்குலப்படி 16. பண்ணையில் பிறந்த ஏஞ்சல் நமது தண்ணீருக்கும் பழகிவிடும். அகலத்தைவிட உயரம் கூடிய மீன் என்பதால் இந்தத் தொட்டி அதற்கென்றே செய்தது போல இருக்கும். அடித் தட்டுக்கு, முகத்தில் மீசை போல முட்கள் உள்ள சின்னச் சக்கர் ஒன்று, 5 அங்குலம். கூட்டினால் 36. முன்பு விட்ட சாதாரண சக்கர் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஆட்கள் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். அது நமது குளங்களில் பெருகி உள்நாட்டு மீனுக்குக் கெடுதல் செய்கிறது. தயவுசெய்து அதை விற்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

மொல்லிகளை முதலில் விட்டேன். இரண்டு கிழமை கழித்துச் சக்கர். ஏஞ்சல்களைக் கடைசியில், ரூபாக் குற்றி அளவில் விட்டேன். முன்கூட்டி விட்டால் இடம் பிடித்துக்கொண்டு புதியவர்களை விரட்டும். கிழமைக்கு ஒரு தடவை நான்கு வாளி, அதாவது 40 லீற்றர், தண்ணீர் மாற்றுகிறேன். கிணற்றுக்குக் குளோரின் போட்ட கிழமைகளில் தண்ணீரை முன்கூட்டியே பிடித்துக் காற்றோட விட்டுத்தான் கொண்டு போவேன்.

பத்து மீன்களைப் பார்த்ததும் வைத்தியருக்கு முகம் வாடிவிட்டது. "தொட்டி வெறிச்செண்டு கிடக்குது, அம்மா. இன்னும் கொஞ்சம் சிவப்பு மீன் போடுங்கோவன்" என்றார். எனக்கும் நெஞ்சு அடித்தது. வேலை தருகிறவரிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. கடதாசியை எடுத்து அந்த இரண்டு தொட்டிகளையும் கீறிக் காட்டினேன். "நாலு மாதத்தில ஏஞ்சல் கைவிரல் அகலத்துக்கு வந்து நிரப்பும், டொக்டர்" என்றேன்.

மூன்றாம் மாத முடிவில் பத்தும் இருந்தன. காசைத் தந்துவிட்டு, மாதப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று அவரே கேட்டார். வளையலை மீட்க இன்னும் ஐந்து மாதம் எடுத்தது. இப்போது மொல்லி நான்குதான். ஒன்று வயதாகிச் செத்துவிட்டது. ஏஞ்சலில் இரண்டு சோடி சேர்ந்து, நீர் மோட்டரின் குழாயில் முட்டை ஒட்டிவிட்டு மற்ற இரண்டையும் மூலைக்கு விரட்டுகின்றன. அந்த இரண்டையும் அடுத்த கிழமை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும்.