உருளையை உள்ளே இழுக்கும் ஊசி

விறைப்புக் குறைபாட்டைப் பற்றி நம் ஊரில் வெளிப்படையாகப் பேசுபவை பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ்கள் மட்டும்தான். நாள்பட்ட சர்க்கரை நோயாலோ, புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சையாலோ ரத்தக்குழாயும் நரம்பும் பழுதடைந்தவர்களுக்கு மாத்திரை கைகொடுக்காமல் போகலாம். அவர்களுக்கும் ஒரு வழி ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. வெட்கத்தால் பலர் கேட்பதுமில்லை.

1973-இல் ஹூஸ்டன் சிறுநீரக அறுவை மருத்துவர் பிராண்ட்லி ஸ்காட், மின்னசோட்டாவின் வில்லியம் பிராட்லி, ஜெரால்ட் டிம் இருவருடனும் சேர்ந்து, சலைன் நிரம்பி விரியும் உள்வைப்புக் கருவியை அறிவித்தார். இன்றைய வடிவத்தில் ஆணுறுப்புக்குள் இரண்டு உருளைகள், விதைப்பையில் ஒரு பம்ப், அடிவயிற்றில் சலைன் பை. இவற்றை மெல்லிய குழாய்கள் இணைக்கும். பம்பை அழுத்த அழுத்த சலைன் உருளைகளுக்குப் போய் விறைப்பு வரும். பம்பிலுள்ள பட்டனை அழுத்தினால் பைக்குத் திரும்பிவிடும். முதல் வடிவத்தில் நிரப்ப ஒரு பம்ப், வடிக்க ஒரு பம்ப் என இரண்டு இருந்தன. பிறகு ஒன்றே போதும் என்றானது. பேட்டரி கிடையாது. வெளிப்பார்வைக்கும் எதுவும் தெரியாது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, அந்த உருளையை உள்ளே கொண்டுசேர்க்கும் கருவி. ரத்தம் நிரம்பி விறைக்கும் இரண்டு திசுக்குழல்களைச் சிறு கீறலில் திறந்து, விரிப்பான் கம்பிகளைச் செலுத்தி இடம் உண்டாக்குவார்கள். துவண்டு கிடக்கும் உருளையை அவ்வளவு குறுகிய வாய் வழியாக நுனிவரை எப்படிக் கொண்டுபோவது? தள்ளினால் மடங்கிவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய வில்லியம் ஃபர்லோவின் கருவி இதற்குப் பதில் சொன்னது; இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. பிளவுள்ள உலோகக் குழல், உள்ளே தள்ளுகோல், மேலே சென்டிமீட்டர் குறிகள், அவ்வளவே. உருளை முனையிலுள்ள நூலை நேரான ஊசியில் கோர்த்து, ஊசியைக் குழலுக்குள் மறைத்து நுனிவரை செலுத்துகிறார் மருத்துவர். கோலைத் தள்ளியதும் ஊசி மொட்டுப் பகுதியைத் துளைத்து வெளியே வருகிறது. நூலைப் பிடித்து இழுத்தால், பாவாடை மடிப்பில் நாடா ஏறுவதுபோல உருளை உள்ளே ஏறி அமர்கிறது.

நீளத்தையும் அதே குழலால் அளக்கலாம். உருளை நீளம் கூடினால் உள்ளே வளைந்து நிற்கும். குறைந்தால் மொட்டு தாங்கலின்றித் தொய்யும். ஊசி நடுப்பக்கம் சாய்ந்தால் சிறுநீர்க்குழாய் காயப்படலாம். அதனால் முனையை வெளிப்பக்கம் பார்த்தே வைக்கப் பழகுகிறார்கள். இது முழுக்கக் கைப்பழக்கம். புத்தகம் படித்து வருவதில்லை.

தொற்றுதான் பெரிய பயம். கிருமி சேர்ந்தால் பெரும்பாலும் முழுக் கருவியையும் எடுக்க நேரும். 2001-இல் ரிஃபாம்பிசின், மினோசைக்ளின் பூசிய கருவிகள் வந்தபின் அபாயம் வெகுவாகக் குறைந்தது. காசநோய்க்கு நம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கும் அதே ரிஃபாம்பிசின்தான்.

பொருத்திவிட்டால் இயற்கையான விறைப்புக்குத் திரும்ப முடியாது. ஆகவே மற்ற சிகிச்சைகளைப் பார்த்த பிறகே இதற்கு வர வேண்டும். தொடுஉணர்வு பொதுவாக மாறாது. நீளம் கூடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. மருத்துவரிடம் மனைவியையும் அழைத்துப் போங்கள். "இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.