திக்கற்ற பிள்ளையும் நகரத்தின் கடமையும்

'திக்கற்றவருக்குத் தெய்வமே துணை' என்பது பழமொழி. அத்துணையை மனிதரே அளிக்க வேண்டும் என ஒரு நகரம் துணியுமாயின், அது எந்தப் பிள்ளையை ஏற்கும்? அப்பிள்ளையிடமிருந்து எதைப் பெறும்?

ஒல்லாந்தரின் ஆம்ஸ்டர்டாம் நகரில் இரு பெரிய அநாதை இல்லங்கள் இருந்தன. ஒன்று, நகரக் குடியுரிமை பெற்றோரின் பிள்ளைகளுக்கே உரியது. அவர்கள் பாதி கறுப்பும் பாதி சிவப்புமான உடை அணிந்தனர். உணவும் கல்வியும் குறைவின்றிப் பெற்றனர். அவ்வுரிமை இல்லாத ஏழைகளின் பிள்ளைகளுக்கு 1666ஆம் ஆண்டில் வேறோர் இல்லம் எழுந்தது. அங்கே கூட்டம் மிகுதி, வசதி குறைவு. ஆண் பிள்ளைகள் தச்சர் முதலிய கைவினைஞரிடம் தொழில் பழகினர். அவர்கள் ஈட்டிய கூலி இல்லத்தின் வருவாயிற் சேர்ந்தது. பெண் பிள்ளைகள் தையல் பயின்றனர். கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பலேறிய சிறுவரும் பலர். பழகிய தொழில் பின்னாளில் சோறிட்டது உண்மையே. ஆயினும், பராமரிப்பின் பெயரால் பிள்ளையின் உழைப்பைக் கவர்வதும் எளிதாயிற்று.

அக்கொம்பனி 1656 முதல் 1796 வரை கொழும்பை ஆண்டது. கொட்டாஞ்சேனைக்கு அருகே, 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம் அக்காலத்தின் சின்னமாக இன்றும் நிற்கிறது. தாய்நாட்டு வழக்கப்படி இங்கும் அநாதைகள் சபை அமைந்தது. இறந்தோரின் உடைமையைக் கணக்கிட்டு, பிள்ளைகள் உரிய வயதடையும்வரை காப்பது அதன் பணி. உடைமையுள்ள பிள்ளைக்குக் கணக்கேடு அரணாயிற்று. உடைமையற்ற பிள்ளைக்கோ, பிறர் இரக்கமே கதி.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமை என்னும் பெயரால் எழுத்தில் வடித்தனர். தாய் தந்தை இருவரும் இறந்தால், இருபக்கத்து உறவினரும் கூடி, பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் விதி. அங்கே நகரச் சபையின் இடத்தில் சுற்றம் நின்றது. சுற்றம் கைவிட்டால்?

அவ்விடத்தில் அரசு முன்வருதல் வேண்டும். இலங்கையில் 1941இல் பிள்ளைகளை மகவேற்கும் சட்டமும், 1956இல் சிறுவர் தொழில் பற்றிய சட்டமும் பிறந்தன. தொழிலுக்குரிய குறைந்த வயது 2021இல் பதினாறாக உயர்ந்தது.

ஆனால் சட்டத்தின் கண் எல்லா வீட்டு வாசலையும் கடந்து செல்வதில்லை. வெள்ளவத்தை மாடிவீடாயினும் கொட்டாஞ்சேனை ஒழுங்கை வீடாயினும், தாய் தந்தையற்ற ஒரு பிள்ளையை 'வளர்க்கிறோம்' என்போர் தம்மைத் தாமே கேட்கவேண்டியவை இரண்டு. விடியற்காலையில் அப்பிள்ளையின் கையில் இருப்பது புத்தகமா, துடைப்பமா? அதன் உழைப்பின் பயன் யாரைச் சேர்கிறது? நேர்மையாக விடை கூறுவோர்க்கு, வளர்ப்பது எது, வேலை வாங்குவது எது என்பது தானே விளங்கும்.