பதக்கத்துக்கு அகப்படாத சேவை
பரேல் ஆஸ்பத்திரி நர்சுகள் 41 ஆண்டு பார்த்த "டூட்டி"

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயரை உடனே சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டதும் வந்து நின்ற நர்சின் பெயர் நினைவில் இராது. "சிஸ்டர்" என்று கூப்பிட்டே பழகி விட்டோம். கேரளமா, நம் நாகர்கோவில் பக்கமா என்று விசாரித்ததோடு சரி.

அப்படிப் பெயர் தெரியாமல் போகிறவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, டெல்லிக்கு அழைத்து, ஜனாதிபதி கையால் பதக்கம் வழங்குகிறார்கள். தேசிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது என்பது அதன் பெயர். மத்திய சுகாதார அமைச்சகம் 1973-ம் ஆண்டு இதை ஏற்படுத்தியது. பதக்கம், சான்றிதழ், ரொக்கம் மூன்றும் உண்டு. 50 ஆயிரம் ரூபாயாக இருந்த ரொக்கப் பரிசு, 2024-ல் ஒரு லட்சமாக வழங்கப்பட்டது. அந்த ஆண்டு விருது பெற்றவர்கள் 15 பேர்.

கிரிமியா யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களைக் கையில் விளக்கோடு கவனித்த நைட்டிங்கேல் அம்மையாரின் கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அவர் பிறந்த மே 12-ந் தேதிதான் சர்வதேச நர்சுகள் தினம். செஞ்சிலுவைச் சங்கமும் அவர் பெயரில் உலக அளவில் ஒரு பதக்கம் கொடுத்து வருகிறது. அது 1912-ல் ஏற்பட்டது. முதன் முதலில் வழங்கப்பட்டது 1920-ல்.

நம் நாட்டு விருதில் பாராட்ட வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருப்பவருக்குத்தான் என்றில்லை. கிராமத்துத் துணைச் செவிலியரும் இதைப் பெறலாம். பெற்றும் இருக்கிறார்கள்.

அந்தமானில் ஒரு துணை நர்சு

அந்தமானைச் சேர்ந்த சாந்தி தெரசா லக்ரா அவர்களில் ஒருவர். சிறிய அந்தமான் தீவில் டுகாங் கிரீக் என்ற இடத்தில் ஓங்கி இனப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். மொத்த ஜனத்தொகையே சுமார் நூறு பேர்தான். ஒரு பிரசவம் கெட்டுப் போனால் அது ஒரு குடும்பத்தின் துக்கத்தோடு முடியாது. அந்த இனத்துக்கே நஷ்டம். அங்கே போய், அவர்கள் நடுவிலேயே குடியிருந்து, பிரசவமும் காய்ச்சலும் பார்த்தவர் இவர். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. கடலின் போக்கை அறிந்த ஓங்கிகள் மேட்டுக்காட்டுக்கு ஏறித் தப்பினார்கள். லக்ராவும் கூடவே இருந்தார். அந்தக் கஷ்ட காலத்திலும் ஊரைப் பார்க்கத் திரும்பி விடாமல் அவர்களோடு தங்கி வைத்தியம் பார்த்தார். 2010-ல் நைட்டிங்கேல் விருதும், 2011-ல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. துணை நர்சு ஒருவருக்குப் பத்மஸ்ரீ என்பது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

கேரளத்து லினியை மறந்திருக்க மாட்டீர்கள். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்சு. 2018-ல் என்ன நோய் என்றே தெரியாத காய்ச்சலோடு வந்த வாலிபரைக் கவனித்தார். அது நிபா என்று தெரிய வந்தபோது அவரையும் அது பற்றி விட்டது. மே 21-ந் தேதி இறந்தார். சிறு குழந்தைகள் இரண்டு. 2019 டிசம்பரில் அவருக்கு உரிய விருதை அவர் கணவர் ஜனாதிபதியிடம் வாங்கிக் கொண்டார்.

இவர்களுக்கு விருது கொடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதக்கம் என்பது ஒருவர் பெயருக்குத்தான் கிடைக்கும். நர்சு வேலையோ ஒருவர் வேலை அல்ல. காலை டூட்டிக்காரர் விட்ட இடத்தில் மத்தியானக்காரர் தொடங்க வேண்டும். அவர் விட்ட இடத்தில் ராத்திரிக்காரர். இதில் யாருக்குப் பதக்கம் கொடுப்பது?

விருது தொடங்கிய 1973-ம் ஆண்டிலேயே இந்தக் கேள்விக்கு உதாரணமாக ஒரு சம்பவம் மும்பையில் நடந்தது.

நான்காம் வார்டு

பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரி மும்பைத் தமிழர்களுக்குத் தெரியாத இடமல்ல. மாநகராட்சிக்குச் சொந்தமானது, 1926 முதல் இயங்கி வருகிறது. அருணா ஷான்பாக் அங்கே நர்சாக இருந்தார். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக மும்பைக்கு வந்தவர். வயது 25. கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. 1973 நவம்பர் 27-ந் தேதி மாலை, வேலை முடிந்து புறப்படும் நேரத்தில், அதே ஆஸ்பத்திரியின் துப்புரவு ஊழியன் ஒருவன் அவரைத் தாக்கினான். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கியதில் மூளைக்குப் பிராணவாயு போகாமல் நின்றது. உயிர் போகவில்லை, நினைவு திரும்பவில்லை. குற்றவாளி ஏழு ஆண்டுத் தண்டனை முடிந்து வெளியே போய் விட்டான். அருணா நான்காம் வார்டை ஒட்டிய சிறு அறையில் 41 ஆண்டுகளுக்கு மேல் படுத்திருந்தார்.

அவரைக் கவனித்தவர்கள் கே.இ.எம். நர்சுகள். கஞ்சியும் மசித்த சாப்பாடும் ஊட்டினார்கள். மீனும் கோழி சூப்பும் கொடுத்தால் முகம் மலருகிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஜூன் 1-ந் தேதி பிறந்த நாள் கொண்டாடினார்கள். எண்பதுகளில் அவரை அங்கிருந்து அப்புறப்படுத்தி அந்தப் படுக்கையைக் காலி செய்ய முயற்சி நடந்தபோது, நர்சுகள் திரண்டு எதிர்த்தார்கள், முயற்சி கைவிடப்பட்டது.

படுத்த படுக்கையாக ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் படுக்கைப் புண் என்றால் என்ன என்று தெரியும். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகிலும் இடுப்பிலும் இரத்த ஓட்டம் நின்று தோல் சிவக்கும், பிறகு வெடிக்கும், பிறகு எலும்பு வரை போகும். இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது நர்சிங் பாடத்தின் பால பாடம். நாளுக்குப் பன்னிரண்டு தரம். இரவு என்றும் தீபாவளி என்றும் இதில் விடுமுறை கிடையாது.

அருணாவுக்கு ஒரு படுக்கைப் புண் கூட வந்ததில்லை என்ற விவரம் 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு முன் வந்தது. அப்போது அவர் படுத்து 37 ஆண்டு ஆகியிருந்தது. பாடப்புத்தகக் கணக்குப்படி பார்த்தால் 37 ஆண்டில் அவரை ஒரு லட்சத்து 62 ஆயிரம் தடவை திருப்பிப் படுக்க வைத்திருக்க வேண்டும். எந்தத் தடவை எந்த நர்சு என்று யாருக்கும் தெரியாது. 1973-ல் அவரோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர் தாக்கப்பட்டபோது பிறந்தே இராத பெண்கள் சீருடை போட்டு வந்து அந்த அறைச் சாவியை வாங்கிக் கொண்டார்கள்.

வழக்கு என்னவென்றால், அருணாவுக்கு உணவு கொடுப்பதை நிறுத்தி நிம்மதியாகச் சாக விட வேண்டும் என்று, அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் ஒருவர் மனு செய்திருந்தார். நல்லெண்ணத்தில் செய்த மனுதான். ஆனால் ஆஸ்பத்திரி ஊழியர்கள் அதை ஏற்கவில்லை. 2011 மார்ச் 7-ந் தேதி வெளிவந்த தீர்ப்பு இந்திய சட்டத்தில் ஒரு மைல்கல். குணமாக வழியில்லாத நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்துவது பற்றி முதன் முதலாக விதிமுறை வகுத்தது. அருணா விஷயத்தில் மட்டும் மனுவைத் தள்ளுபடி செய்தது. அவருக்காக முடிவு சொல்லும் உற்றவர் கே.இ.எம். ஊழியர்களே என்றது. அர்ப்பணிப்பு என்பதன் பொருளை நாடே இவர்களிடம் கற்க வேண்டும் என்று நீதிபதிகள் மனம் விட்டுப் பாராட்டினார்கள். அன்று நர்சுகள் கேக் வெட்டி இனிப்பு வழங்கினார்கள்.

2015 மே 18-ந் தேதி நிமோனியாவில் அருணா காலமானார். நர்சுகள் தினம் கழிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

சம்பளம் என்று ஒன்று

கே.இ.எம். மாநகராட்சி ஆஸ்பத்திரி. அங்கே நிரந்தர நர்சுகளுக்குச் சம்பளமும் பென்ஷனும் விதிப்படி உண்டு. அந்த ஆதாரம் இருந்ததால்தான் ஒரு தலைமுறை வேலையில் நிலைத்து அடுத்த தலைமுறையிடம் பொறுப்பை ஒப்படைக்க முடிந்தது என்றும் சொல்லலாம். தனியார் நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் பெண்களின் நிலை வேறு. இரண்டு வருஷத்தில் இடம் மாறுவார்கள். இல்லையென்றால் வளைகுடாவுக்கு விண்ணப்பம் போடுவார்கள். அசல் சான்றிதழை நிர்வாகம் வாங்கி வைத்துக் கொள்கிறது என்ற புகாரும் பழைய புகார்தான்.

இந்தச் சம்பளப் பிரச்சினையும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2016 ஜனவரியில் கோர்ட்டு உத்தரவிட, மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரி, மாநில அரசு நர்சுக்கு நிகரான சம்பளம் தர வேண்டும்; 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது; 50 முதல் 100 வரை 25 சதவீதம்; 50 படுக்கைக்கும் குறைந்த இடத்திலும் மாதம் 20 ஆயிரம் ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று கமிட்டி சொன்னது. வேலை நேரம், விடுமுறை, போக்குவரத்து வசதி ஆகியவையும் அரசு நர்சுக்கு உள்ளபடி இருக்க வேண்டும் என்பதும் சிபாரிசில் அடங்கும். அமல் செய்யும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது.

டெல்லியில் கொடுக்கும் ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு, அந்த 20 ஆயிரம் கணக்கில் ஐந்து மாதச் சம்பளம். சிபாரிசு செய்த அந்த 20 ஆயிரம் முழுசாகக் கைக்கு வருகிறதா என்பதை, தாராவியிலோ முலுண்டிலோ பத்துப் படுக்கை நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும்.