விரலால் படிக்கும் காசு

நாணயத்தைக் கண்ணால் பார்த்து அறிவோர் ஒருபுறமிருக்க, கையால் தொட்டு அறிவோரும் பலர் உளர். பொழுது சாய்ந்த பின் தென்காசிச் சந்தையில் கீரை விற்கும் மூதாட்டி, வாங்கிய சில்லறையை விளக்கடியில் பிடித்து எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பதில்லை. எழுத்தறியாதார்க்கும் பார்வையற்றோர்க்கும் நாணயத்தின் வடிவமே எழுத்து. நமது பத்துக் காசின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம நாணய முறைக்கு மாறிற்று. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. புதிய முறையில் ரூபாய்க்கு 100 நயா பைசா. நாலணா 25 காசாகச் சரியாய் அமைந்தது. ஓரணாவோ ஆறேகால் காசாகவே, அதனை ஆறு காசாகக் கொள்ள நேர்ந்தது. இக்குழப்பத்தினிடையே மக்களுக்குத் துணைநின்றது வடிவமே. ஒரு காசு வட்டம். ஐந்து காசு முனை மழுங்கிய சதுரம். பத்துக் காசு எட்டு இதழ் விரிந்த மலர். இரண்டு காசும் மலர் வடிவினதே. ஆயினும் அது 18 மில்லிமீட்டர், பத்துக் காசு 23 மில்லிமீட்டர். பழைய ஓரணாவுக்கும் வளைவான விளிம்பு உண்டு, இரண்டணா சதுரமாகும். ஆதலின் கைகள் இப்பாடத்தை முன்னரே ஓரளவு பயின்றிருந்தன. ரூபாயில் பத்திலொரு பங்கு என்பது பத்துக் காசின் மீது இந்தியில் பொறிக்கப்பட்டிருந்தது. அம்மொழி அறியாத நம் பக்கத்து மக்களுக்கு அதன் விளிம்பே பொருள் கூறிற்று.

அமெரிக்காவிலும் டாலரில் பத்திலொரு பங்கான நாணயம் ஒன்று உண்டு; அதன் பெயர் டைம். பத்திலொன்று எனப் பொருள்படும் லத்தீன் சொல்லே அப்பெயருக்கு மூலம். 1946 முதல் அதன் முகப்பில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் உருவமும், பின்புறத்தில் தீப்பந்தமும், அதன் இருமருங்கிலும் ஒலிவக் கிளையும் ஓக் கிளையும் விளங்குகின்றன. பத்து என்னும் எண் அதில் எங்குமில்லை. மதிப்பில் பாதியான ஐந்து சென்ட்டைவிட அது சிறியதும் ஆகும். வெள்ளியின் விலைக்கேற்ப அளவு வகுக்கப்பட்டதே இதற்குக் காரணம். விளிம்பைச் சுரண்டி வெள்ளியைத் திருடுவோரைத் தடுக்க இட்ட வரிகள், 1965 இல் வெள்ளி நீங்கிய பின்னும் நிலைத்தன. அவ்வரிகள் 118. வழவழப்பான விளிம்புடைய ஒரு சென்ட்டினின்று இதனைப் பிரித்தறிய இன்று விரலுக்கு அவையே உதவுகின்றன.

நம் பத்துக் காசு, 1971 இல் அலுமினியத்துக்கு மாறிய பின்னரும் இதழ் விளிம்பை இழக்கவில்லை. 1988 இல் வந்த எஃகுக் காசோ வெறும் வட்டமாயிற்று. 2011 ஜூன் 30 உடன் 25 காசும் அதற்குட்பட்டனவும் செல்லாதனவாயின. பதினொரு பக்கமுடைய இரண்டு ரூபாய் நாணயமும் 2005 முதல் வட்டமாகிவிடவே, ஒரு ரூபாய் என்றெண்ணி இரண்டு ரூபாயைக் கொடுத்து இழந்தோர் பலர். அன்றாடம் விற்று அன்றாடம் உண்பவர்க்கு அவ்வொரு ரூபாய் சிறிதன்று.

2019 மார்ச்சில், பார்வையற்றோர் எளிதில் அறியத்தக்க புதிய நாணய வரிசை வெளியிடப்பட்டது. அதில் இருபது ரூபாய் பன்னிரண்டு பக்கமுடையது, ஏனையவை வட்டமே. 1957 இல் எழுத்தறியா மக்களை எண்ணி வகுத்தாற்போன்ற அந்த விரிவான வடிவ வேறுபாடு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. நாணயத்தை வடிவமைப்போர், அதனைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தம் கையால் தொட்டுப் பார்த்தல் நலம்.