கூப்பிட்டால் திரும்புகிறதா, பாருங்கள்!

"அம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டு மாசத்திலேயே வீடு பூரா தவழுது. நம்ம பையன் பத்து மாசமாகியும் உட்கார்ந்த இடத்திலேயே தேய்ச்சுத் தேய்ச்சு நகர்றானே!"

தலைப்பிரசவம் முடிந்து மேல்சித்தாமூரிலிருந்து புருஷன் வீடு போன என் மகள், போனில் அழாத குறை.

"நகர்றான் இல்லே? அப்புறம் என்னடி?" என்றேன். உலக சுகாதார நிறுவனம், இந்தியா உட்பட 5 நாட்டு ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. தவழ்வது ஏறத்தாழ 5 மாதத்திலிருந்து 13 மாதம் வரை, தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17 மாதம் வரை என்று அவ்வளவு வித்தியாசம்! நூற்றுக்கு நாலு குழந்தைகள் தவழவேயில்லை. நேரே எழுந்து நடந்துவிட்டன.

பிறகு நான் கேட்டது ஒன்றுதான். "பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்பறானா?"

"அதெல்லாம் உடனே திரும்பறான். ஏம்மா?"

ஏன் கேட்டேன் என்று அவளுக்கே தெரியும். என் நாத்தனார் மகள் கதை அது. நாத்தனார் தாய்மாமனையே கட்டிக்கொண்டவள். பெண் குழந்தை, கொழுகொழுவென்று இருந்தது. கவிழ்ந்தது, உட்கார்ந்தது, பதினோராம் மாதமே நடந்தது. பல் முளைத்ததும் பல் கொழுக்கட்டை செய்து தலையில் கொட்டிக் கொண்டாடினோம். கோயில் திருவிழாவில் மேளமும் வெடியும் காதைப் பிளக்க, அது தோளில் அசையாமல் தூங்கிற்று. "என்ன சமர்த்து!" என்று மெச்சிக்கொண்டோம். நானும்தான். இரண்டு வயதில் பேச்சு வரவில்லை. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று மாமியார் ஆறுதல் சொன்னார். இரண்டரை வயதில்தான் டாக்டரிடம் போனார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை.

எப்படி ஏமாந்தோம் என்கிறீர்களா? காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் 'ங்கா' சொல்லும், சிரிக்கும். ஆறு, ஏழு மாதத்துக்குமேல் 'பபப', 'மம்மம்' என்று வளரவேண்டிய பேச்சுதான் வளராது. பிள்ளைத்தமிழில் ஏழாம் மாதத்துக்குத் தாலப் பருவம் என்று பெயர். தால் என்றால் நாக்கு. கவிழ்ந்ததைக் கொண்டாடிய நாம் நாக்கைக் கவனிக்கவில்லை.

சகோதரிகளே, 3, 4 மாதத்தில் உங்கள் குரல் கேட்டு அழுகை அடங்குகிறதா? 6 மாதத்தில் சத்தம் வந்த பக்கம் தலை திரும்புகிறதா? ஒரு வயதில் பேர் சொன்னால் பார்க்கிறதா? குழந்தை கண்ணில் படாமல் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கள். தட்டைத் தரையில் போட்டால் அதிர்வுக்கே திரும்பிவிடும். அது சோதனை ஆகாது. வீட்டுச் சோதனையில் தேறினாலும், மனசில் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். குறைமாதக் குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை, சொந்தத்தில் கட்டியவர்கள் குழந்தை என்றால் கட்டாயம் காட்டுங்கள். குழந்தை தூங்கும்போதே 'பெரா' சோதனை எடுப்பார்கள், வலி கிடையாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் முடிவு, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே டாக்டர்கள் வைத்திருக்கும் கெடு.

2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. அன்றைக்கென்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்! காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சை, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு.

நாத்தனார் மகளுக்கு மூன்றரை வயதில் ஆபரேஷன் ஆயிற்று. அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்காக வாரம் இரண்டு நாள் பஸ் ஏறினாள் அவள் அம்மா. இப்போது அந்தப் பெண் நாலாம் வகுப்பு. பேசுகிறாள், 'ச'வும் 'ழ'வும் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. கூட்டத்தில் நான் பேசினால், "அத்தை, என் முன்னால வந்து பேசுங்க" என்பாள்.

போன வாரம் என் பேரன் மேசையைப் பிடித்து எழுந்து நின்றானாம். தவழவேயில்லை.