அணி களைந்த மேனி

ஒன்றை அழகு செய்வதென்றால் அதனோடு மற்றொன்றைச் சேர்ப்பதென்றே பெரும்பாலோர் கருதுவர். சேர்த்தவற்றைக் களைந்தும் அழகு செய்யலாம் என்பதைக் கவிஞரும் சிற்பியரும் அறிவர். அவ்வுண்மையை இரும்புத் தகட்டிலும் ஈயத்திலும் நிலைநாட்டியோர், ஏட்டுக் கல்வியோடு தொடர்பற்ற ஒரு கூட்டத்தார்; அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துப் பட்டறைகளிற் பழைய மோட்டார்க் கார்களைத் திருத்திய தொழிலாளர். காரின் புறத்தே மின்னும் அணிகளை அகற்றி, அதன் மேனி முழுவதையும் வழுவழுப்பாக இழைத்தெடுப்பதே அவர்தம் கலை.

அணிகளின் ஆட்சி

இக்கலையின் பொருளை உணர, அது எதனை எதிர்த்து எழுந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1927இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனி, ஹார்லி ஏர்ள் என்பவரைத் தலைவராகக் கொண்டு, கலைக்கும் வண்ணத்துக்கும் எனத் தனிப் பிரிவொன்றை நிறுவியது. காரின் தோற்றம் ஒரு கலைஞரின் பொறுப்பாயிற்று. அதனோடு ஒரு வாணிபத் தந்திரமும் வளர்ந்தது. ஆண்டுதோறும் உருவம் மாறினால், சென்ற ஆண்டுக் கார் பழையதாகத் தோன்றும். தோன்றவே, உடையவர் புதியதை நாடுவார். தகட்டை வார்ப்பிக்கும் அச்சுக்களை ஆண்டுதோறும் மாற்றுதல் பெருஞ்செலவு. பக்கத்தில் ஓடும் குரோமியப் பட்டையையும் முகப்பிலுள்ள சின்னத்தையும் மாற்றுதலோ எளிது. அன்றியும், ஏறக்குறைய ஒரே உடல் கொண்ட கார்களுள் மலிவானது எது, விலையுயர்ந்தது எது என்று வீதியிற் செல்வோர்க்கு உணர்த்தியவை இவ்வணிகளே. இப்போக்கு வளர்ந்து வளர்ந்து, 1958ஆம் ஆண்டுப் பியூக் காரின் முகப்பில் மட்டும் 160 குரோமியச் சதுரங்கள் இடம்பெறும் அளவுக்குச் சென்றது.

ஆகவே, கார் ஒன்றின் அணிகளைக் களைவது அதன் வயதையும் தரத்தையும் ஒருங்கே அழிப்பதாகும். எந்த ஆண்டினது, எத்துணை விலையினது என்று அதனைப் பார்த்துச் சொல்ல இயலாது. புதுக் கார் வாங்க வசதியற்று, பலர் கைமாறிய கார்களை வாங்கிய இளைஞர்க்கு இஃது எத்தகைய விடுதலை என்பதை விளக்க வேண்டுவதில்லை. 1930களில் சக்கரமென்ரோ நகரில் ஹரி வெஸ்ரகார்ட் என்பவர் இவ்வகை வேலையிற் பெயர் பெற்றார். அவரிடம் பயின்ற கிரேக்க வழியினரான சாம் பாரிஸ், ஜோர்ஜ் பாரிஸ் என்னும் சகோதரர், இரண்டாம் உலகப் போரின் பின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரையடுத்துப் பட்டறை அமைத்தனர்.

துளையும் ஈயமும்

நம் நாட்டிலே ரிங்கரிங் என வழங்கும் தகட்டு வேலையைப் பார்த்தவர்கள் இதன் அருமையை எளிதில் உணர்வர். பட்டையைக் கழற்றுவது சிறு வேலை. கழற்றியபின் எஞ்சுவன, கவ்விகளும் திருகாணிகளும் புகுந்திருந்த துளைகள். அவற்றைக் களிம்பால் அடைத்துப் பூசிவிட்டாற் போதாதோ எனில், போதாது. தகட்டின் பின்புறமாக ஈரம் துளைக்குள் ஏறும், துரு பிடிக்கும், நாளடைவில் மேற்பூச்சு கொப்புளித்து, மறைத்த துளை மீண்டும் வெளிப்படும். எனவே, நல்ல வினைஞர் துளைக்கேற்பத் தகடு நறுக்கி வைத்து ஒட்டவைப்பார். அங்கேயும் இடருண்டு. சூடேறிய இடம் விரிய முயலும். சுற்றிலுமுள்ள குளிர்ந்த தகடு அதற்கு இடங்கொடாது. ஆறும்போது அவ்விடம் சுருங்கி, அண்டைத் தகட்டையும் இழுத்து நெளியச் செய்யும். ஆதலால் ஓரிடத்திற் சிறு பொட்டு வைத்து, அது ஆறும் வரை பொறுத்து, பின் வேறிடம் செல்ல வேண்டும். நெளிந்ததைப் பின்புறம் இரும்புத் தாங்கி கொடுத்து, முன்புறம் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன்செய்ய வேண்டும்.

அதன்பின் வருவது ஈயம். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை 183 பாகை சென்ரிகிரேட்டில் இளகத் தொடங்கும். முற்றாக உருகுதற்கு ஏறக்குறைய 255 பாகை வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் அது வெண்ணெய்போல் நிற்கும். வினைஞர்க்குக் கிடைக்கும் காலம் அவ்வளவே. சூடு குறைந்தால் உதிரும். மிகுந்தால் வழிந்து நிலத்தில் விழும். தீச்சுடரை ஒரு கையில் அசைத்தபடி, மெழுகோ கொழுப்போ தடவிய மரத்தட்டையால் மறுகை அதனைப் பரப்பும். தகட்டைத் துப்புரவாக்கப் பூசிய அமிலம் சிறிது எஞ்சினாலும், பின்னர் வண்ணப்பூச்சு பெயர்ந்துவிடும்.

ஆறிய ஈயத்தை வளைந்த பற்களுடைய அரத்தால் அராவுவர். தேய்தாளால் தேய்த்தால் நுண்டுகள் காற்றிற் கலந்து மூச்சோடு உட்செல்லும். நரம்பையும் குருதியையும் கெடுக்கும் நஞ்சு ஈயம். முகமூடியின்றி அதனோடு பழகியோர் பலர். இன்று பெரும்பாலான பட்டறைகளில் ஈயத்தின் இடத்தைப் பிளாஸ்ரிக் களிம்பு பெற்றுவிட்டது. எனினும் அடியிலுள்ள துளையை உலோகத்தால் அடைக்க வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

இறுதியில் வேற்று நிறமொன்றைப் பனிபோல விசிறி, மரக்கட்டையிற் சுற்றிய தாளால் நீர்விட்டுத் தேய்ப்பர். மேட்டில் அந்நிறம் விரைவில் மறையும். பள்ளத்தில் எஞ்சி நின்று குறையைக் காட்டும். குரோமியப் பட்டை இருந்த காலத்தில், பரந்த தகட்டின் சிறு நெளிவைக் கண் காணாது தப்பவிட்டது. பட்டை போனபின், பளபளக்கும் வண்ணம் ஒவ்வொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். அணி நீங்கிய மேனிக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளுள் முதலாவதாக நிற்பது தன்மையணி. உள்ளதை உள்ளவாறு உரைத்தலும் ஓர் அணியென்பது நம் இலக்கணத்தார் கொள்கை. அது எளிதன்று என்பதை எழுதிப் பார்த்தோர் அறிவர்.

ஹிரோஹாட்டாவின் கார்

இக்கலைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் போற்றப்படுவது, ஜப்பானிய வழிவந்த அமெரிக்கரான பொப் ஹிரோஹாட்டாவின் 1951ஆம் ஆண்டு மேர்க்குரி கார். 1952இல் பாரிஸ் சகோதரரின் பட்டறையில் அது உருமாறியது. கூரையை அறுத்துத் தாழ்த்தினர், பக்கத்தூண்களை நீக்கினர், கதவின் கைப்பிடிகளையும் அகற்றினர். அணிகள் யாவும் போனபின், 1952ஆம் ஆண்டுப் பியூக் காரின் பக்கப்பட்டை ஒன்றை எடுத்துப் பொருத்தி, அதன் வளைவை இரு பசுமை வண்ணங்களுக்கு எல்லையாக்கினர். அவர்கள் அணியை வெறுத்தாரல்லர். கொம்பனி இட்ட அணியை நீக்கித் தாம் தேர்ந்ததை வைத்தனர். எது வேண்டும் என்று தெரிவு செய்யும் உரிமை தொழிற்சாலையிலிருந்து பட்டறைக்கு வந்தது.

1963இல் எழுத்தாளர் ரொம் வுல்ஃப், எஸ்குவையர் இதழில் இவர்களைச் சிற்பிகளுக்கு நிகராக வைத்து எழுதியபோது கற்றோர் உலகம் திரும்பிப் பார்த்தது. 2017இல் ஹிரோஹாட்டாவின் கார் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2022இல் இருபது இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. விலையைக் காட்டும் அடையாளங்களை அழித்துப் பிறந்த கார், விலையாலேயே செய்தியானது காலத்தின் விந்தை.

சகோதரருள் ஜோர்ஜ், 1966இல் தொலைக்காட்சியில் வந்த பற்மான் காரை உருவாக்கியவர் என்று உலகப் புகழ் பெற்று 2015 வரை வாழ்ந்தார். தகட்டு வேலையில் வல்லவரான மூத்தவர் சாம், 1956இல் அத்தொழிலை விட்டு, 1967இற் காலமானார். அவர் பெயரை அறிந்தோர் சிலரே. இழைத்த இடம் தெரியாதபடி இழைப்பது இத்தொழிலின் வெற்றி. இழைத்த கையும் அதனோடு மறைந்துவிடுகிறது. அழகிய மேனியொன்றைக் காணும்போது, அடியிலே அடைபட்ட துளைகளையும் அவற்றை அடைத்தவரையும் ஒருகணம் நினைத்தல் தகும்.