குழந்தை யார் பொறுப்பில் வளர வேண்டும்?

செகந்திராபாத்தில் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, பேறுகாலத்திற்குத் தாய்வீடு சென்ற மகளின் குழந்தை பாட்டியிடமே வளர்வது புதிதன்று. கணவன் மனைவி இருவரும் அலுவலகம் செல்லும் இல்லங்களில் அது பேருதவி. ஆயினும், தாய் இறந்துவிட்டாலோ, பெற்றோர் பிரிந்துவிட்டாலோ, அவ்வுதவியே வழக்காக மாறிவிடுவதுண்டு. "பெற்றவன் நான்" என்கிறார் தந்தை. "வளர்த்தவள் நான்" என்கிறார் பாட்டி. சட்டம் இதற்கு என்ன விடை கூறுகிறது?

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் தந்தையையும், அவருக்குப்பின் தாயையும் இயற்கைப் பாதுகாவலராகக் குறிக்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. பாட்டன் பாட்டியர் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலனே தலையாயது என்று அறுதியிட்டுக் கூறுகிறது. எல்லாச் சமயத்தினருக்கும் உரிய 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமோ, குழந்தையின் வயது, பாதுகாவலராக விரும்புவோரின் ஒழுக்கம், தகுதி, உறவின் நெருக்கம் ஆகியவற்றை ஆராயப் பணிக்கிறது. விவரம் அறிந்த குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் விளக்கும். 2008இல் வந்த ஒரு வழக்கில், தாயின் மரணம் தொடர்பாகத் தந்தைமீதே குற்றவழக்கு நிலுவையில் இருந்தது. நீதிபதிகள் சிறுவனைத் தம் அறைக்கு அழைத்துப் பேசினர். அவன் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடமே இருக்க அனுமதித்தனர். 2009இல், பிறந்த உடனே தாயை இழந்த ஒரு பெண்குழந்தை, தன்னை வளர்த்த பாட்டியிடமே தொடர்ந்து இருக்குமாறு தீர்ப்பாயிற்று. ஆனால் 2019இல், தாயை இழந்து சிற்றன்னை வீட்டில் வளர்ந்த குழந்தை தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது. முடிவுகள் வேறுபட்டாலும் அளவுகோல் ஒன்றே. குழந்தை எவருடைய உடைமையும் அன்று.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை சாதாரணமாக எங்கு வசிக்கிறதோ அவ்விடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்தல் வேண்டும். கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூர் சென்றதனால் மட்டும் அது குழந்தையின் வசிப்பிடமாகிவிடாது. ஆனால் அங்கேயே பள்ளியில் சேர்த்துப் பல ஆண்டுகள் விட்டுவைத்தால், செகந்திராபாத்தில் வாழும் தந்தை தஞ்சைக்கே சென்று வழக்காட நேரலாம். ஆகவே குழந்தையை அனுப்பும்போதே, எத்தனை காலத்திற்கு, எவர் செலவில், எப்போது திரும்பும் என்பனவற்றைப் பெரியவர்கள் கூடிப் பேசி எழுதிவைத்துக்கொள்வது நன்று.

வழக்கே வந்துவிட்டாலும் இணக்கத்திற்கு வழி உண்டு. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குடும்ப நீதிமன்றங்கள், முதலில் சமரசத்திற்கு முயலுதல் வேண்டும் என்ற கடமை உடையவை. பாட்டன் பாட்டியர் பேரக்குழந்தையைச் சந்திக்கும் உரிமை மேற்கண்ட இரு பாதுகாவலர் சட்டங்களிலும் தனியே வகுக்கப்படவில்லையெனினும், குழந்தைக்கு நன்மை என்று கண்டால் நீதிபதி அதற்கு நாள் குறித்து உத்தரவிடலாம்.

தாயை இழந்த குழந்தை பாட்டியையும் இழக்கவேண்டியதில்லை. பாட்டியிடம் வளரும் குழந்தை தந்தையை மறக்கவேண்டியதும் இல்லை. நீதிமன்றப் படியேறுமுன் இருதரத்தாரும் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.